மாசி வந்த வழி

தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து மளிகைக் கடைகளில் மாசி கேட்டால், விறகுக்கட்டை போல இறுகிய ஒரு கருந்துண்டை எடுத்து வைப்பார்கள். கத்தியால் சீவலாம், அல்லது உரலில் போட்டு இடிக்கலாம். இடித்த தூளைத் தேங்காய்ப்பூ, மிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்துப் பிசைந்தால் மாசிச் சம்பல். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழர் நாவில் இதற்கு இதே பெயர்தான். பக்கத்திலேயே வாழும் சிங்களவர்கள் இதை 'உம்பலகட' என்கிறார்கள். ஆங்கிலத்தில் இது 'மால்டிவ் ஃபிஷ்', அதாவது மாலத்தீவு மீன். தமிழில் மட்டும் ஏன் மாசி என்ற கேள்வி பல காலமாக என்னை விடவில்லை. அதைத் தேடிப் போன கதைதான் இது.

தமிழருக்கு மாசி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மாதம். மக நட்சத்திரத்தோடு முழுநிலவு கூடும் மாதத்தை வடமொழி மாகம் என்றது. தமிழ் மாசி என்றது. அந்த மாதத்தில் பிடித்த மீன் என்பதால் மாசி என்ற விளக்கம் எளிதாக வாயில் வந்துவிடும். ஆனால் மாலத்தீவுக்காரர்கள் தூண்டிற்கோலோடு இந்த மீனின் பின்னால் போவது ஒரு மாதத்துக்கு மட்டுமல்ல. பருவக்காற்றுக்கு ஏற்ப அட்டோல்களின் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் மாறி மாறி ஆண்டு முழுவதும் பிடிக்கிறார்கள். ஆகவே மாதத்தை ஒதுக்கிவிடலாம்.

அடுத்து நிற்பது மாசு. புகையில் கறுத்த மீன், ஆகையால் மாசு படிந்தது, ஆகையால் மாசி. இது மாதத்தைவிடக் கவர்ச்சியான விளக்கம், ஏனென்றால் பொருளின் நிறத்தோடு ஒத்துப் போகிறது. இதையும் நான் ஏற்கவில்லை. எந்த வியாபாரியும் தான் விற்கும் சரக்குக்கு அழுக்கு என்று பெயர் வைக்கமாட்டான். லட்சத்தீவிலோ இதே பொருள் 'மாஸ்' என்று சகர ஒற்றோடு நிற்கிறது. மாசு என்ற தமிழ்ச் சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

சொல்லைத் தேடுமுன் பொருளை உற்றுப் பார்த்தது பயன் தந்தது. நம்மிடம் உலர்த்திய மீனுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் மணலில் காயும் மீனைப் பறவைகளிடமிருந்து காத்துக்கொண்டு இருப்பார்கள். அந்த மீனுக்கு உணங்கல் என்று பெயர். பின்னால் கருவாடு நிலைத்தது. உணங்கலும் கருவாடும் ஒரே வழியில் ஆனவை: பச்சை மீனைக் கீறி, உப்பிட்டு, அல்லது உப்பில்லாமலே, வெயிலில் போடுவது. மாசி அப்படி அல்ல. மீனின் தலையையும் குடலையும் நீக்கி, முதுகில் இரண்டு வயிற்றில் இரண்டு என நான்கு கூறாகப் பிளந்து, உப்பு நீரில் அவித்து, புகையில் வாட்டி, பிறகு நாள்கணக்கில் வெயிலில் காயவைக்கிறார்கள். அவித்த நீரையும் வீணாக்குவதில்லை. அதைச் சுண்டக் காய்ச்சினால் ரிஹாகுரு என்ற கருங்குழம்பு கிடைக்கும். அவித்துப் புகையிட்ட மீனைத் தமிழ்க் கடற்கரை செய்து பழகவில்லை. பொருள் வெளியிலிருந்து வந்தபோது பெயரும் அதோடு வந்திருக்கும் என்று சந்தேகிக்க இது போதும்.

இந்த வேலைக்கு ஏன் இந்த ஒரு மீன்? நம் கடற்கரையில் சூரை என்று அழைக்கும் இனத்தைச் சேர்ந்தது அது. வயிற்றில் நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடும். லின்னேயஸ் 1758-இல் பெலாமிஸ் என்று பெயரிட்ட மீன் அதுவே. அதன் தசையில் கொழுப்பு குறைவு. கொழுப்பு உள்ள மீனைக் காயவைத்தால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். இது அப்படிக் கெடுவதில்லை; ஆண்டுக்கணக்கில் கப்பலில் போனாலும் தாங்கும். ஜப்பானியர் இதே மீனை அவித்து, புகையிட்டு, பூஞ்சணமும் ஏற்றி கட்சுவோபுஷி ஆக்குகிறார்கள். அதன் சுவைக்குக் காரணமான இனோசினேட் என்ற பொருளை 1913-இல் கொடாமா ஷின்டாரோ கண்டறிந்தார். நம் வீட்டுச் சம்பலில் ஒரு பிடி மாசி விழுந்ததும் நாக்கில் ஊறும் சுவையும் அதுதான்.

இனி ஏடுகள். காலனிய இந்தியாவின் கலப்புச் சொற்களைத் தேடுபவர் எவரும் முதலில் போய் நிற்கும் இடம் ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்த ஆர்தர் பர்னெலும் தொகுத்தது. பர்னெல் 1882-இல் இறந்துபோக, 1886-இல் யூல் அதை வெளியிட்டார். மகர வரிசையில் எனக்கு வேண்டியது இல்லை. ககரத்தில் இருந்தது: 'கொபிலி மாஷ்'. மாலத்தீவிலிருந்து வரும் காய்ந்த சூரை மீன் என்று விளக்கமும், அதன் கீழே நூற்றாண்டு வரிசையில் பயணிகளின் மேற்கோள்களும். என் தேடலுக்கு வேண்டிய சாட்சிகள் எல்லாரும் அந்த ஒரு பக்கத்தில் வரிசையாக நின்றார்கள்.

முதல் சாட்சி இப்னு பதூதா. 1343-இல் மாலத்தீவுக்குப் போய், அங்கே காஜியாகவும் இருந்தவர். அவர் விவரிப்பது இன்றைய மாசியைத்தான், எந்த ஐயமும் இல்லை. சிவந்த தசை, கொழுப்பு இல்லை, ஆட்டிறைச்சி போன்ற வாடை. நான்காக வெட்டி, இலேசாக அவித்து, தென்னோலைக் கூடையில் இட்டுப் புகையில் தொங்கவிடுகிறார்கள். நன்கு காய்ந்த பிறகு தின்கிறார்கள். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்புகிறார்கள். கொழுப்பில்லை என்பதைக்கூட அவர் கவனித்திருக்கிறார். பெயரை மட்டும் 'குல்ப் அல்-மாஸ்' என்கிறார்.

அரபு படித்தவர் கண்ணுக்கு இது விசித்திரமாகத் தெரியும். அதே எழுத்துகளைக் 'கல்ப் அல்-மாஸ்' என்று வாசித்தால் வைரத்தின் இதயம் என்று பொருளாகிவிடும். காய்ந்த மீனுக்கு வைரத்தின் இதயம் என்று எந்த மீனவனும் பெயர் வைத்திருக்கமாட்டான். பதூதா ஊர் திரும்பி மொராக்கோவின் ஃபெஸ் நகரில் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் எழுதினார். நூல் முடிந்தது 1355-இல். மாலத்தீவின் பேச்சு மொழியை அறியாத எழுத்தர், காதில் விழுந்த ஒலியைத் தனக்குப் பழகிய அரபு வடிவத்துக்குள் பொருத்தியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வடிவத்தைக் கழற்றிப் பார்த்தேன். அரபு எழுத்தில் மெய்களே முதன்மை. குல்ப் அல்-மாஸ் என்பதில் வரிசையாக நிற்கும் மெய்கள் க, ல, ப, ல, ம, ஸ. இன்றும் மாலத்தீவின் திவேஹி மொழியில் இந்த மீனுக்கு வழங்கும் பெயர் 'களுபிலமஸ்'. அதன் மெய்கள் க, ள, ப, ல, ம, ஸ. ஆறு மெய்களும் அதே வரிசையில் அப்படியே இருக்கின்றன. 'பில' என்பதன் கடைசி லகரம்தான் அரபுச் சொற்களுக்கு முன்னால் வரும் 'அல்' ஆகிவிட்டது. ஒரு மீனின் பெயர் ஏறத்தாழ 700 ஆண்டுகள் இப்படிக் குலையாமல் இருப்பது என்னைத் திகைக்க வைத்தது.

இரண்டாம் சாட்சி மருத்துவர் கிறிஸ்டோபால் அகோஸ்டா. கொச்சியில் பணியாற்றிவிட்டு, கீழை நாட்டு மருந்துப் பொருள்களைப் பற்றி 1578-இல் ஸ்பெயினின் புர்கோஸ் நகரில் நூல் வெளியிட்டவர். மாலத்தீவிலிருந்து வரும், உப்புக்கண்டம் போன்ற ஒரு காய்ந்த மீனைக் குறிப்பிட்டு, அதன் பெயர் 'கொமலமாசா' என்கிறார். முதல் ளகரம் விழுந்துவிட்டது, பகரம் மகரமாகிவிட்டது. எனக்கு முக்கியமாகப் பட்டது இறுதி. 'மாசா' என்று உயிரில் முடிகிறது. ஸ்பானிய நாவும் சொல் இறுதியில் உயிரை விரும்பும்தான், அதனால் இதை ஒரு முடிவான ஆதாரமாகக் காட்டமாட்டேன். ஆனாலும் மேற்குக் கரையில் காலம் கழித்த ஒருவரின் ஏட்டில், 16-ஆம் நூற்றாண்டிலேயே நம் மாசிக்கு இவ்வளவு நெருக்கமான ஒலி கிடைக்கிறது.

மூன்றாம் சாட்சிதான் எல்லாரிலும் நம்பகமானவர். பிரெஞ்சுக்காரரான ஃபிரான்சுவா பிரார். அவர் வந்த கொர்பான் கப்பல் 1602-இல் மாலத்தீவின் பவளப்பாறையில் மோதி உடைந்தது. தப்பியவர்களில் பலர் நோயில் செத்தார்கள். பிரார் உயிர் பிழைத்தார். பிழைத்ததற்கு அவர் தீவின் மொழியைக் கற்றுக்கொண்டதும் ஒரு காரணம். 1607 வரை அங்கேயே இருந்தார். அவர் நூல் 1611-இல் முதலில் வெளிவந்தது. பின்வந்த பதிப்பில் திவேஹிச் சொற்களின் பட்டியலையும் சேர்த்தார். மாலத்தீவை ஆராய்கிற யாரும் இன்றும் அவரைத் தாண்டிப் போக முடியாது. பிரார் எழுதும் வடிவம் 'கொபொல்லி மாஸ்'; பொருள், கறுப்பு மீன்.

களு என்றால் கறுப்பு, மஸ் என்றால் மீன். இரண்டும் சரி. நடுவில் நிற்கும் 'பில' என்ன ஆயிற்று? பிரார் அதற்குப் பொருள் சொல்லவில்லை. ஏறக்குறைய 270 ஆண்டுகள் கழித்து அதை அவிழ்த்தவர் எச்.சி.பி. பெல், இலங்கைச் சிவில் சேவை அதிகாரி; பிற்காலத்தில் இலங்கைத் தொல்லியல் துறையின் தலைவர். இந்தியன் ஆன்டிகுவரி இதழில் 1882-இல் எழுதிய குறிப்பில், 'பில' என்பது சிங்களத்தில் இதே மீனைக் குறிக்கும் 'பலயா' என்ற சொல்லின் உடன்பிறப்பு என்று காட்டினார். ஆக, முழுப் பெயர் கரும்-சூரை-மீன். ஹாப்சன்-ஜாப்சனும் பெல்லின் விளக்கத்தையே முதல் சரியான விளக்கமாக ஏற்கிறது. சிங்களமும் திவேஹியும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை என்று தெரிந்த ஒருவரால்தான் இதைச் செய்திருக்க முடியும்.

இவ்வளவும் பெயரின் முன்பாதி. நமக்கு வேண்டியது பின்பாதி, அந்த 'மஸ்'.

அதற்கு இரண்டு மூலங்கள் போட்டிக்கு நின்றன. வடமொழியில் மத்ஸ்யம் என்றால் மீன். மாம்ஸம் என்றால் இறைச்சி. திவேஹி சென்ற ஒலிப்பாதையில் இரண்டும் தேய்ந்து 'மஸ்' ஆகிவிடும். மத்ஸ்யம் பிராகிருதத்தில் மச்ச ஆயிற்று. சிங்களத்திலும் திவேஹியிலும் பழைய சகரம் ஸகரமாக மாறியது. சிங்களத்தில் இன்றும் 'மஸ்' என்றால் இறைச்சி, 'மசுன்' என்றால் மீன்கள். அதாவது இரண்டு மூலங்களும் அங்கே இரண்டு சொற்களாகத் தனித்து வாழ்கின்றன. திவேஹியில் அவை ஒன்றாகிவிட்டன: மஸ் என்றால் மீன், கெரிமஸ் என்றால் மாட்டிறைச்சி. கடல் சூழ்ந்த, மேய்ச்சல் நிலமில்லாத தீவில் இறைச்சிக்கும் மீனுக்கும் ஒரே சொல் போதுமாக இருந்தது. களுபிலமஸ் என்ற பெயரில் நிற்பது எது என்றால், மீன்தான். பிரார் அதை மீன் என்றே பொருள் கொண்டார். டர்னரின் இந்தோ-ஆரிய ஒப்பியல் அகராதியும் திவேஹி மஸ்ஸை மத்ஸ்யத்தின் கீழேயே வைக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையான தற்செயலையும் கண்டேன். திவேஹியில் மாதத்துக்கும் 'மஸ்' என்றே பெயர், அது வடமொழி மாஸத்திலிருந்து வந்தது. தமிழில் மாசி மாதமும் மாசி மீனும் ஒலியில் ஒன்றாகியது போலவே, மாலத்தீவிலும் மாதமும் மீனும் ஒலியில் ஒன்று. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. இரு மொழிகளிலும் தனித்தனியாக அமைந்த ஒலி ஒற்றுமை அது.

இதே மத்ஸ்யம் தமிழுக்கு வேறொரு வாசல் வழியாகவும் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் விருந்துக்கு வந்தவரிடம் "சைவமோ மச்சமோ?" என்று கேட்பார்கள். அந்த மச்சமும் மாசியும் ஒரே மூலத்துப் பிள்ளைகள். ஒன்று வடமொழி, பிராகிருதம் வழியே நேராக வந்தது. மற்றது கடலுக்குள் போய், தீவில் தங்கி, புகையில் காய்ந்து, வேறு ஒலியோடு திரும்பிவந்தது.

மஸ் எப்படி மாசி ஆயிற்று என்பதற்கு என் கணிப்பைச் சொல்கிறேன். சகர ஒற்றில் சொல்லை முடிப்பது தமிழுக்கு வழக்கமல்ல. ஒரு உயிர் வந்து ஒட்டியே தீரும். ஓரசைச் சொல்லின் அகரம் வேற்றுக் காதில் நீள்வதற்குப் பதூதாவின் 'மாஸ்', லட்சத்தீவின் 'மாஸ்' இரண்டுமே சாட்சி. மாஸ் என்று கேட்ட தமிழ்க் காதுக்கு, மாசி என்ற வடிவம் மாதப் பெயராக ஏற்கெனவே தயாராக இருந்தது. புதுச்சொல் பழகிய அச்சில் விழுந்தது. முதலில் தள்ளிவைத்த மாதத்துக்கு இந்த அளவில் ஒரு பங்கு உண்டு. பொருளில் அல்ல, வடிவத்தில்.

இடைவழியையும் காட்ட முடியும். லட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் உள்ள மினிக்காயில் திவேஹிதான் பேசுகிறார்கள். மற்றத் தீவுகளில் மலையாளத்தின் ஒரு வழக்கு. மினிக்காயில் அவித்துப் புகையிடும் மீனுக்கு இந்திய மீன்வள ஆய்வாளர்கள் எழுதும் பெயர் 'மாஸ்மீன்'. மாஸ் என்றாலும் மீன், மீன் என்றாலும் மீன். மாஸ் என்பதன் பொருள் புரியாத ஒருவர், அது என்ன என்று விளங்கவைக்க மீனைப் பக்கத்தில் சேர்த்திருக்கிறார். நம் 'மாசிக் கருவாடு' பிறந்ததும் அப்படித்தான். ஒரு சொல்லோடு அதன் பொருளையே மீண்டும் கட்டிவைத்தால், அந்தச் சொல் அயலிலிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

தமிழின் இடத்தை இன்னும் தெளிவாகக் காட்டுவது மற்ற மொழிகள் என்ன செய்தன என்பது. சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹவின் கப்பல்களோடு வந்த மா ஹுவான், 15-ஆம் நூற்றாண்டில் இந்த உலர்மீனைப் பற்றி எழுதினார். பிற நாட்டார் வந்து வாங்கிப் போய் 'லியூ மீன்' என்ற பெயரில் விற்பதாகச் சொல்கிறார். லியூ என்பது மாலத்தீவுக்குச் சீனர் வைத்த பெயர். ஆங்கிலேயரும் ஊர்ப்பெயரையே வைத்தார்கள். சுமாத்திராவில் உள்ள அச்சேயின் கடைத்தெருவில் இந்த மீனை மட்டுமே விற்கும் கடைகள் பல இருந்ததை 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஃபாரஸ்ட் கண்டு எழுதினார். நடுப்பகுதி கொம்பு போலக் கெட்டியாக இருக்கும் என்றும் குறித்தார். மலாய் மொழியில் இதற்கு 'இக்கான் காயு' என்று பெயர், அதாவது மரமீன். சீனர் ஊரைப் பார்த்துப் பெயரிட்டார்கள், மலாய்க்காரர்கள் உருவத்தைப் பார்த்து. தமிழும் மலையாளமும் மாலத்தீவுக்காரரின் சொந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டன. அதுவும் ஏட்டில் உள்ள முழுப்பெயரை அல்ல; சந்தையில் நின்று பேரம் பேசும்போது வாயில் வரும் கடைசி அசையை. மூட்டையைக் காட்டி விற்பவர் 'மஸ்' என்றார், வாங்குபவர் அதையே திருப்பிச் சொன்னார். இடையில் மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி பன்னீராயிரம் பழந்தீவுகளை வென்றதாகச் சொல்வதையும், அது மாலத்தீவைக் குறிக்கிறது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுவதையும் அறிவேன். மாசியைச் சோழர் காலத்தோடு கட்டிவிட ஆசை எழும். நான் கட்டமாட்டேன். படையெடுப்பு ஒரு சொல்லைச் சமையலறை வரை கொண்டுவருவதில்லை. ஆண்டுதோறும் வந்துபோகும் தோணிதான் கொண்டுவரும். தூத்துக்குடித் தோணிகள் அரிசியும் வெங்காயமும் கட்டுமானப் பொருளும் ஏற்றி மாலேக்குப் போன வழக்கம் நம் காலத்திலும் தொடர்ந்தது. கொழும்புச் சந்தையோ மாலத்தீவின் உலர்மீனுக்கு முதன்மையான வாங்குமிடமாக 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்தியதும் அந்த வாணிபம் சரிந்தது. மாலத்தீவு தன் மீனைப் பச்சையாகவே உறைகப்பல்களுக்கு விற்கத் தொடங்கியது. அதற்குப் பின்னும் மாசி சமையலறையை விட்டுப் போகவில்லை.

அகராதி தொகுப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மாசியை மாதப் பெயரின் கிளைப் பொருளாக அடக்காதீர்கள். தனிச் சொல்லாக, திவேஹி 'மஸ்' என்ற மூலத்தோடு பதியுங்கள். மாலத்தீவு மொழியிலிருந்து தமிழ் பெற்ற சொற்கள் எவை என்று யாராவது கணக்கெடுக்கத் தொடங்கினால் அந்தப் பட்டியலின் முதல் சொல் இதுவாக இருக்கட்டும். கடற்கரை ஊர்களில் உள்ளவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாலேக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிய தோணிகளின் கணக்கேடுகள், தண்டல்களின் குறிப்புகள், மாசி வாங்கி விற்ற கடைகளின் பேரேடுகள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மாசி என்ற சொல்லை யார், எந்த ஆண்டில், எப்படி எழுதினார்கள் என்பது அவற்றில்தான் கிடைக்கும்.